பழந்துணி சொல்லும் பாடம்

"நாளைக்கு எல்லாரும் வீட்டிலிருந்து வேண்டாத பருத்தித் துணி ஒன்று கொண்டு வாருங்கள்."

ஏழாம் வகுப்பில் சாயமேற்றும் செயல்பாட்டுக்கு முந்தைய நாள் நான் சொன்ன வாக்கியம் இது. மறுநாள் காலையில் பழைய வேட்டி, சேலைத் துண்டு, தலையணை உறை, துவாலை என்று மேசையில் துணிகள் குவிந்தன. ஒரு மாணவன் மட்டும் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றான். கேட்டபோது, சின்னதாக மடித்த கரித்துணி ஒன்றை நீட்டினான். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் துணி. இரவே துவைத்துக் காயவைத்திருந்தார்கள். "வெட்டாதீங்க டீச்சர், சாயங்காலம் அம்மாவுக்கு வேணும்" என்றான்.

வேண்டாத துணி என்று ஒன்று அவன் வீட்டில் இல்லை. அதை அவன் வகுப்பின் முன்னால் நின்று சொல்லும்படி ஆக்கியது என் வாக்கியம். ஒரு செயல்பாட்டைத் திட்டமிடும்போது ஊசி, நூல், பாத்திரம் எல்லாவற்றையும் யோசித்த நான் அந்த ஒரு சொல்லை யோசிக்கவில்லை.

அன்று அந்தத் துணியை வெட்டாமலே மற்ற துணிகளோடு சாயத்தில் போட்டோம். மாலையில் உலர்ந்த துணிகளைக் கொடியில் வரிசையாகப் பார்த்தபோது, எல்லாவற்றிலும் சீராக நிறம் ஏறியிருந்தது அந்தக் கரித்துணியில்தான். கடையில் நான் புதிதாக வாங்கி வந்த வெள்ளைத் துணி திட்டுத் திட்டாக இருந்தது. "புதுத் துணி ஏன் இப்படி ஆச்சு?" என்று மாணவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கிய பாடம் அறிவியலில் நிற்காமல் கணக்கு, சமூக அறிவியல், தமிழ் என்று அந்தப் பருவம் முழுவதும் நீண்டது. அதை மற்ற ஆசிரியர்களும் தங்கள் வகுப்பில் செய்து பார்க்கும் வகையில் இங்கே விளக்குகிறேன்.

துணியை முதலில் அறிவோம்

புதுத் துணியில் கஞ்சியும், நெசவின்போதும் அதற்குப் பிறகும் சேர்க்கப்படும் பூச்சுகளும் இருக்கும். அவை இழையை மூடிக்கொண்டிருப்பதால் தண்ணீரும் சாயமும் சீராக உள்ளே புகாது. பல முறை துவைத்த பழைய பருத்தியில் அந்தப் பூச்சுகள் போய்விடுகின்றன. அதனால்தான் கரித்துணி முந்திக்கொண்டது. புதுத் துணியைப் பயன்படுத்துவதாக இருந்தால், சோப்பு கலந்த வெந்நீரில் நன்றாக அலசிய பிறகே சாயத்தில் போட வேண்டும்.

இதை மாணவர்களே சோதிக்கலாம். புதுத் துணியிலும் பழைய துணியிலும் ஆளுக்கொரு சொட்டுத் தண்ணீர் விட்டு, எது எவ்வளவு நேரத்தில் உறிஞ்சுகிறது என்று நொடிகளை எண்ணச் சொல்லுங்கள். சாயத்தில் போடும் முன்பே எது நன்றாக நிறம் பிடிக்கும் என்று அவர்களால் ஊகிக்க முடியும்.

அடுத்தது இழையின் வகை. பருத்தி செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. பட்டும் கம்பளியும் புரத இழைகள். பாலியஸ்டர் செயற்கை இழை. இங்கே நாம் பயன்படுத்தும் தாவரச் சாயங்கள் பாலியஸ்டரில் ஒட்டுவதில்லை. கலப்புத் துணியில் பருத்தி இருக்கும் அளவுக்கு மட்டும் வெளிறிய நிறம் ஏறும். எந்த இழை என்று தெரியாதபோது ஆசிரியர் மட்டும், திறந்த வெளியில், ஒரே ஒரு நூலை இடுக்கியில் பிடித்து எரித்துக் காட்டலாம். பருத்தி நூல் காகிதம் எரியும் வாசனையுடன் எரிந்து மென்மையான சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகச் சுருளும்.

கடுக்காயும் துருப்பிடித்த ஆணியும்

ஒரே நாளில் முடிக்கக்கூடிய, கண்முன்னே மாற்றம் தெரியும் சோதனை இது. ஆனால் இரும்புத் தண்ணீரை மட்டும் முன்கூட்டியே தயாரிக்க வேண்டும். துருப்பிடித்த ஆணிகளை ஒரு பிளாஸ்டிக் பாத்திரத்தில் போட்டு, அவை மூழ்கத் தண்ணீர் ஊற்றி, ஒரு கைப்பிடி வெல்லம் சேர்த்து 15 நாள் வையுங்கள். புளிக்கும்போது வாயு உண்டாகும் என்பதால் மூடியை இறுக்கக் கூடாது. கலம்காரி ஓவியர்கள் கறுப்பு நிறத்துக்கு இரும்பையும் வெல்லத்தையும் இப்படித்தான் புளிக்கவைக்கிறார்கள்.

சோதனை நாளன்று செய்ய வேண்டியவை:

1. உலர்ந்த துணியை எடை போடுங்கள். 100 கிராம் துணிக்கு 20 கிராம் கடுக்காய்ப் பொடி போதும். துணி முழுவதும் மூழ்கும் அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் பொடியைக் கரைத்து வடிகட்டுங்கள்.

2. துணியை ஏற்கெனவே நனைத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். அவ்வப்போது புரட்டிவிட வேண்டும்.

3. அலசாமல் பிழிந்து வெயிலில் காயவையுங்கள். துணி இளமஞ்சளாக இருக்கும்.

4. வடிகட்டிய இரும்புத் தண்ணீர் ஒரு பங்குடன் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, அதில் துணியைச் சில நிமிடங்கள் நனையுங்கள். மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் சாம்பல் நிறமாகும், பிறகு கறுக்கும்.

5. நன்றாக அலசி நிழலில் உலர்த்துங்கள்.

என்ன நடந்தது? கடுக்காயில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுதி. அது பருத்தி இழையில் பற்றிக்கொள்கிறது. இரும்பு வந்து சேரும்போது இரண்டும் இணைந்து கரையாத கருநிறச் சேர்மம் உண்டாகிறது. நிறம் இழைக்குள்ளேயே பிறப்பதால்தான் அது துவைத்தாலும் எளிதில் போவதில்லை. பல நூற்றாண்டுகள் உலகம் எழுதப் பயன்படுத்திய கறுப்பு மையும் டானினும் இரும்பும் சேர்ந்த கலவைதான்.

சாம்பல் நிறத் துணியில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அந்த இடம் வெளிறும். அமிலம் அந்தச் சேர்மத்தைக் கலைக்கிறது. இரும்புத் தண்ணீரை ஒரு குச்சியால் தொட்டுக் கடுக்காய்த் துணியில் கோடு போட்டால், கோடு விழுந்த இடம் மட்டும் கறுக்கும். கலம்காரியின் அடிப்படையே இதுதான் என்று மாணவர்கள் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள்.

ஓர் எச்சரிக்கை: அதிக இரும்பு காலப்போக்கில் இழையை நொறுங்கவைக்கும். இன்னும் கறுப்பாக வேண்டும் என்று இரும்புத் தண்ணீரைக் கூட்டாதீர்கள். கடுக்காயில் மறுபடி நனைத்து மீண்டும் செய்யுங்கள்.

மஞ்சள் ஏன் வெளுக்கிறது?

மஞ்சள்தூள் கரைசலில் துணியை நனைத்தால் உடனே பளிச்சென்று நிறம் ஏறும். சோப்புத் தண்ணீர் பட்டால் சிவக்கும், எலுமிச்சை பட்டால் மீண்டும் மஞ்சளாகும். அமிலம், காரம் பாடத்தில் நாம் எல்லோரும் செய்வதுதான். அடுத்த படியையும் செய்யுங்கள். மஞ்சள் சாயமேற்றிய துணியில் பாதியை அட்டையால் மூடி ஒரு வாரம் வெயிலில் வையுங்கள். அட்டையை எடுத்தால் மூடிய பாதி மஞ்சளாகவும் மற்ற பாதி வெளுத்தும் இருக்கும். மஞ்சளில் உள்ள குர்குமின் ஒளியைத் தாங்காது.

இதே சோதனையை வெங்காயத்தோல் சாயத்தோடு ஒப்பிடுங்கள். முதலில் கடுக்காயிலும், பிறகு 100 கிராம் துணிக்கு 15 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரிலும் துணியை ஊறவைக்க வேண்டும். துணியின் எடைக்குச் சமமான உலர்ந்த வெங்காயத்தோலைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டி, அதில் துணியைப் போட்டால் பொன்மஞ்சளிலிருந்து பழுப்பு வரை நிறம் வரும். சாயத்தையும் இழையையும் இணைத்துப் பிடிக்கும் படிகாரம் போன்ற பொருளை நிறமூன்றி என்கிறோம். சாயம், இழை, இரண்டையும் பிணைக்கும் பொருள் என்ற மூன்றும் பொருந்தினால்தான் நிறம் நிலைக்கும். பீட்ரூட், செம்பருத்திச் சாறுகளில் துணியை நனைத்தால் அழகாக இருக்கும், ஆனால் சில துவைப்பில் போய்விடும். "எது அழகு?" என்பதோடு "எது நிற்கும்?" என்றும் கேட்கப் பழக்குவது அறிவியல் மனப்பான்மைக்கு நல்ல பயிற்சி.

துணியில் சிறு கற்களை வைத்து நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் போட்டால், கட்டிய இடங்கள் நிறம் ஏறாமல் வட்டங்களாக நிற்கும். மதுரையில் சௌராஷ்டிர சமூகத்தினர் வளர்த்தெடுத்த சுங்குடிச் சேலையின் புள்ளிகள் இந்த முறையில் பிறந்தவை.

ஒட்டுப் போர்வையும் கணக்கும்

சாயமேற்றிய துண்டுகளை என்ன செய்வது? சேர்த்துத் தைத்து ஒரு போர்வை ஆக்கலாம். மேலே ஒட்டுத் துணிகள், நடுவே ஒரு பழைய போர்வை அல்லது இரண்டு மடிப்புச் சேலை, அடியில் ஒரு முழுத் துணி. இந்த மூன்றையும் ஓட்டுத் தையலால் இணைத்தால் அது உறுதியாகும். நடுவில் அடைபடும் காற்று குளிரைத் தடுக்கிறது.

60 செ.மீ. நீளம், 80 செ.மீ. அகலமுள்ள சிறு விரிப்புக்கு 10 செ.மீ. சதுரங்கள் எத்தனை வேண்டும் என்று கேட்டேன். 6 × 8 = 48 என்று உடனே சொன்னார்கள். 10 செ.மீ. அளவில் வெட்டவும் தொடங்கினார்கள். நான் தடுக்கவில்லை. முதல் வரிசையின் ஆறு சதுரங்களையும் தைத்து அளந்தபோது 60க்குப் பதில் 50 செ.மீ.தான் இருந்தது. தையலுக்காக ஒவ்வொரு பக்கமும் 1 செ.மீ. உள்ளே போய்விட்டது. ஓரங்களையும் மடித்துத் தைத்தால் 48தான் மிஞ்சும். ஆக, 10 செ.மீ. சதுரம் கிடைக்க 12 செ.மீ. சதுரம் வெட்ட வேண்டும் என்பதை அவர்களே கண்டார்கள்.

இப்போது பரப்பளவைப் பாருங்கள். வெட்டிய துணி: 48 × 12 × 12 = 6,912 ச.செ.மீ. முடிந்த விரிப்பு: 60 × 80 = 4,800 ச.செ.மீ. தையலுக்குள் மறைந்தது 2,112 ச.செ.மீ. அதாவது ஏறக்குறைய 31 விழுக்காடு. இதையே 20 செ.மீ. சதுரங்களால் செய்தால் 12 சதுரங்கள் போதும். வெட்டிய துணி 12 × 22 × 22 = 5,808 ச.செ.மீ. மறைந்தது 1,008 ச.செ.மீ., ஏறக்குறைய 17 விழுக்காடு. துண்டு சிறிதாகச் சிறிதாகத் தையலுக்குள் போகும் துணி கூடுகிறது. அப்படியானால் பெரிய துண்டுதானே சிக்கனம் என்று ஒரு மாணவி கேட்டாள். "பெரிய துண்டு நம்மிடம் இருந்தால்தானே?" என்று இன்னொருத்தி பதில் சொன்னாள். இரண்டுமே சரி. எதற்கும் ஆகாத சின்னத் துண்டுகளைப் பயனாக்குவதே ஒட்டுப் போர்வையின் நோக்கம்.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் முக்கோணங்களுக்குப் போகலாம். இரு நிறச் சதுரங்களை முகத்தோடு முகம் வைத்து, மூலைவிட்டத்தின் இருபுறமும் 1 செ.மீ. தள்ளித் தைத்து, மூலைவிட்டத்தில் வெட்டினால் இரண்டு இருநிறச் சதுரங்கள் கிடைக்கும். முடிந்த சதுரம் 10 செ.மீ. வர வேண்டுமானால் தொடக்கச் சதுரம் எவ்வளவு? வெளி ஓரங்களுக்கு 2 செ.மீ., மூலைவிட்டத் தையலுக்கு √2 செ.மீ. சேர்த்து 13.4 செ.மீ. பித்தாகரஸ் தேற்றம் இங்கே துணியில் தெரிகிறது.

கந்தலில் பிறந்த கலைகள்

பழந்துணியை மறுபடி பயன்படுத்துவது வறுமையின் அடையாளம் மட்டும்தான் என்ற எண்ணம் மாணவர்களிடம் இருக்கும். அதை அறிவுரையால் மாற்ற முடியாது. சான்றுகளைக் காட்டலாம்.

வங்காளத்தின் காந்தா, நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி ஓட்டுத் தையலால் இணைப்பது. தையலுக்கான வண்ண நூலைக்கூடப் பழைய சேலையின் கரையிலிருந்தே உருவி எடுத்தார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்கள் கவந்தி என்னும் ஒட்டுப் போர்வை தைக்கிறார்கள். அவர்கள் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைப்பார்கள். நான்கு மூலைகளிலும் மடித்த துணியால் ஒரு பூ வைக்காமல் போர்வை முடிவதில்லை.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவுக்குள் அமைந்த கீஸ் பெண்ட் என்னும் ஊரில், அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் உழைத்துத் தேய்ந்த உடைகளைப் போர்வைகளாக்கினார்கள். முழங்காலில் வெளுத்த இடம், பை இருந்த இடத்தின் அடர்நிறம் எல்லாம் அப்படியே தெரியும். மிசூரி பெட்வே என்பவர் 1942இல், இறந்துபோன கணவரின் வேலை உடைகளைக் கொண்டு ஒரு போர்வை தைத்தார். 1962இல் அந்த ஊருக்கான படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அக்கரைக்குச் சென்று வாக்காளராகப் பதிவுசெய்ய முயன்ற காலம் அது. 2006இல்தான் படகு மீண்டும் ஓடியது. 2002இல் அவர்களுடைய போர்வைகள் ஹூஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றை அஞ்சல்தலைகளாக வெளியிட்டது. குடியுரிமைப் போராட்டம், வாக்குரிமை, கலை மூன்றையும் ஒரே போர்வையில் வைத்துப் பேசலாம்.

நம் ஊரில் குழந்தையைத் தூளியில் போடப் புதுச்சேலையை யாரும் தேடுவதில்லை. அம்மாவோ பாட்டியோ கட்டிக் கட்டி மெத்தென்று ஆன பருத்திச் சேலையைத்தான் எடுப்பார்கள். "உங்கள் வீட்டில் ஒரு துணி என்னவெல்லாம் ஆகிறது?" என்று எழுதச் சொன்னேன். சேலை தூளியாகி, தூளி தலையணை உறையாகி, உறை கரித்துணியாகி, கடைசியில் விளக்குத் திரியாவது வரை எழுதினார்கள். தமிழ்ப் பாடத்துக்கு இதைவிட நல்ல கட்டுரைத் தலைப்பு எனக்குக் கிடைத்ததில்லை.

சாயத் தண்ணீர் எங்கே போகிறது?

வேலை முடிந்ததும் வாளியில் மிஞ்சிய தண்ணீரை உடனே கொட்டிவிடாதீர்கள். 100 கிராம் துணிக்கு அலசியது உட்பட எத்தனை லிட்டர் செலவானது என்று அளக்கச் சொல்லுங்கள். பிறகு திருப்பூரைப் பற்றிப் பேசலாம். நொய்யல் ஆற்றின் மாசு காரணமாக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. ஆறும் வேண்டும், வேலையும் வேண்டும் என்ற சிக்கலை மாணவர்கள் இரு தரப்பிலும் நின்று விவாதிக்கட்டும்.

இயற்கைச் சாயம் என்றாலே தீங்கற்றது என்று சொல்லிக்கொடுக்க வேண்டாம். குரோமியம், செம்பு போன்ற உலோக உப்புகளை நிறமூன்றியாகப் பயன்படுத்தும் முறைகளும் உண்டு. அவை பள்ளிக்கு உகந்தவை அல்ல. படிகாரமும் இரும்பும் சிறிய அளவில் போதும். அவுரியிலிருந்து கிடைக்கும் நீலம் தண்ணீரில் கரையாது. அதைக் கரையவைக்கக் காரமும் ஒடுக்கும் பொருளும் தேவை என்பதால் அதைச் செய்து காட்டாமல், 1917ஆம் ஆண்டின் சம்பாரண் போராட்டத்தோடு சேர்த்து விளக்குவதே நல்லது.

வகுப்பறைக்குச் சில குறிப்புகள்

கொதிநீரையும் அடுப்பையும் ஆசிரியர் மட்டுமே கையாள வேண்டும். சாயத்துக்குப் பயன்படுத்திய பாத்திரத்தில் மறுபடி சமைக்கக் கூடாது. ஊசிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஊசி வேண்டாம். துணித்துண்டுகளை நிறம், வடிவம், தொட்டால் எப்படி இருக்கிறது என்று வகைப்படுத்தி அட்டையில் ஒட்டச் செய்யலாம். தையல் பெண்பிள்ளைகளின் வேலை என்று யாராவது ஒதுங்கினால், கடைத்தெருவில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவர்கள் யார் யார் என்று பார்த்து வரச் சொல்லுங்கள்.

துணி சேகரிப்பதுதான் முக்கியம். இப்போது நான் யாரையும் வீட்டிலிருந்து கொண்டு வரச் சொல்வதில்லை. தையல் கடையில் வெட்டி மிஞ்சும் துண்டுகளைக் கேட்டு வாங்குகிறேன். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவரிடம் நைந்த பருத்தி வேட்டிகளைக் குறைந்த விலைக்கு வாங்கியிருக்கிறேன். எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து ஒரே பெட்டியில் போடுகிறோம். எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. விரும்பி யாராவது கொண்டு வந்தால் அதையும் அந்தப் பெட்டியிலேயே சேர்க்கலாம்.

அந்தக் கரித்துணியை அன்று மாலையே மாணவனிடம் கொடுத்துவிட்டேன். மறுநாள் வருகைப் பதிவு எடுக்கும்போது அவன் எழுந்து நின்று, "கறுப்பா ஆனது நல்லதாப் போச்சாம் டீச்சர். கரி பட்டாலும் தெரியலன்னு அம்மா சொன்னாங்க" என்றான். வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான்.